கைவண்டியில் போனவர்

எல்லையூரான நகொண்டே வருவதற்கு முன்னாலேயே பேருந்துக்குள் பேச்சு அடங்கிவிட்டது. கிட்வேயிலிருந்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டும், கடலை உரித்துக்கொண்டும், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டும் வந்த சனம்தான். அறுப்பு முடிந்து மொட்டையாகக் கிடந்த சோளக்காடுகளைத் தாண்டி, லாரிகள் வரிசைகட்டி நிற்கிற அந்தப் புழுதி ரோட்டில் வண்டி திரும்பியதும், ஆளாளுக்குக் குனிந்து காலடியில் கிடந்த பைகளை மடிக்கு எடுத்தார்கள். ஒருத்தி பணமுடிச்சை மார்புக்குள் செருகினாள். ஒருவர் தன் தகரப்பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதைத் தன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள் துசெகிலே.

அவள் இதை என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. எங்கள் டுகுயு மலையில் அவளுடைய தேயிலைத் துண்டு நிலமும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வரிசையில் கிள்ளிக்கொண்டே போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சில நாள் பாதியில் நிறுத்திவிடுவாள். நானும் கேட்க மாட்டேன். அப்புறம் அவளாகவே தொடங்குவாள். அப்படிக் கேட்டதைத்தான் இப்போது வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முன்சீட்டில் இருந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். "ஏண்ணே, எல்லாரும் எதுக்கு இப்படிப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிறாங்க?"

"எல்லைக்கு முதல்தடவையா?"

"போறப்பவும் இந்த வழியாத்தான் போனேன். கையில ஒரு துணிப்பைதான். யாரும் என்னைச் சீண்டல."

"வெறுங்கையா வர்றவங்கள அவனுங்க ஏறெடுத்தும் பார்க்க மாட்டானுங்க. இப்ப உன்கிட்ட மூட்டை இருக்கு." அவர் அவள் பக்கத்தில் ஜன்னலோரம் சாய்ந்திருந்த ஆளைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இவரும் இருக்காரு. சுமைக்காரனுங்க பையைத் தொட விடாத. தொட்டுட்டான்னா அது அவன் சரக்கு. அப்புறம் அவன் போற இடத்துக்கெல்லாம் நீ ஓடணும். பேசவும் செய்யாத. வேண்டாம்னு சொன்னாக்கூடப் பேரம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்."

ஜன்னலோரம் இருந்தவர் அவளுடைய புருஷன் அம்போகிலே. அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. வாயும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். பசித்தாலும் அதே சத்தம், ஒண்ணுக்கு வந்தாலும் அதே சத்தம். எது எதற்கு என்று துசெகிலேக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் அந்த மனுஷரோடு சேர்ந்து வாழ்ந்த காலமே கொஞ்சம்தான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சுரங்க ஊரில் நல்ல வேலை என்று கிட்வேக்குப் போனவர். அங்கே கார்களுக்குத் தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் இருந்தார். எப்போதாவது வருவார். வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து வாழைக்காயும் பீன்ஸும் வேகவைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, மழையைத் திட்டிவிட்டுப் போவார். மகன் சுன்யாவில் தங்கம் தோண்டப் போய்விட்டான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எங்கள் ஊரில் ஒருவரிடமோ இருவரிடமோதான் போன் இருந்த காலம் அது. தேவாலயத்து போதகரின் போனுக்குத்தான் சேதி வந்தது. பட்டறையில் விழுந்துவிட்டார், வந்து கூட்டிப்போகவும்.

கிட்வேயில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். துசெகிலேக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரி பேர் புவால்யா. அவள் கெட்டவள் இல்லை என்றுதான் துசெகிலே சொன்னாள். அவருக்குத் தலை சீவிவிட்டு, துவைத்த சட்டை போட்டு, வழிக்கு ஒரு கோழி பொரித்துக் கட்டி, முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணையும் கொடுத்திருக்கிறாள்.

"நல்லா இருந்த வரைக்கும் என்கிட்ட இருந்தார்" என்றாளாம் புவால்யா. "நான் சந்தைல தக்காளி வித்துதான் சாப்பிடறேன். இவரைத் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும். எனக்கு யாரு இருக்கா? கோவிச்சுக்காத அக்கா."

"நான் எதுக்குக் கோவிக்கிறேன்."

"அப்ப இவரு இனி உங்க ஆளு."

கிட்வேயில் பேருந்து கிளம்பும்போது அம்போகிலே ஜன்னல் வழியாகப் புவால்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். புவால்யா கையை அசைக்கவில்லை. தக்காளிக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

எல்லையில் வண்டி வேகம் குறையும் முன்பே சுமைக்காரர்கள் ஓடிவந்தார்கள். பேருந்தின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் படபடவென்று அடித்துக்கொண்டே கூட ஓடினார்கள். உள்ளே இருக்கிறவர்கள் காதில் அது கல்மாரி மாதிரி விழுந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகம். ஒவ்வொருவனும் உள்ளே இருக்கிற ஒரு ஆளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினான்.

"சிவப்புப் பை! சிவப்புப் பை என்னுது!"

"தாயி, இங்க பாரு! உன்னை நான் பார்த்தாச்சு! நீ என் ஆளு!"

"தகரப்பெட்டி ஐயா! கயிறெல்லாம் எதுக்கு? நான் என்ன திருடனா?"

துசெகிலே தலை குனிந்துகொண்டாள். அப்படியும் கண்ணாடியில் ஒருவன் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு விலகாமல் ஓடிவந்தான். கம்பளித் தொப்பி போட்டவன். கன்னத்தில் தழும்பு. அவன் எதுவும் கத்தவில்லை. அவளையும் அம்போகிலேயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான். அம்போகிலேயின் தொண்டையில் அந்தச் சத்தம் வந்தது.

"ஒண்ணுமில்ல. மூட்டை தூக்குறவங்க" என்றாள் துசெகிலே.

எல்லாரும் இறங்க வேண்டும், எல்லாப் பையையும் இறக்க வேண்டும், அந்தப் பக்கம் நடந்துபோக வேண்டும், பேருந்து காலியாகத் தனியே வரும் என்று நடத்துநர் கத்தினார். இன்றைக்கு இருப்பது போல இரண்டு நாட்டு அலுவலகமும் ஒரே கூரைக்கு அடியில் இல்லை அப்போது. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. நடுவே லாரிகளும் காசு மாற்றுகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் ஆடுகளும்.

அவள் புருஷனைக் கக்கத்தில் கைகொடுத்துப் படிவரை கொண்டுவந்துவிட்டாள். அதற்குமேல் முடியவில்லை. அவர் கனம். வலது கால் படியில் மாட்டிக்கொண்டது. பின்னால் இருப்பவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். கீழே கைகள். அத்தனை கைகளும் மேலே நீண்டு விரிந்திருந்தன. வண்டியின் வயிற்றுக் கதவைத் திறந்து யாரோ மூட்டைகளை எறிவதும், அவளுடைய நீலக் கோடு போட்ட பெரிய பையைத் தொப்பிக்காரன் தோளில் போடுவதும் தெரிந்தது. "ஏய், அது என்னுது!" என்றாள். "தெரியும் அக்கா, அதனாலதானே எடுத்தேன்!" என்றான் அவன். பேசவே கூடாது என்று முன்சீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் பச்சைப் பந்தாட்டச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள் கூட்டத்தை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு வந்தான். அம்போகிலேயைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினான். தன் கைவண்டியின் பலகையில் சாக்கு விரித்து உட்காரவைத்தான். தலையணையை முதுகுக்கு வைத்தான். தொங்கிய வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டான்.

"அவன் அடாவடியா பண்ணியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன் அக்கா" என்றாள் துசெகிலே என்னிடம். "அவ்வளவு பக்குவமா தூக்கினான். அந்தக் கையை எடுத்து மடியில வச்சான் பாரு, அதுல ஏமாந்துட்டேன்."

"ஐயாவை வெயில்ல வரிசையில நிக்க வைப்பியா?" என்றான் பச்சைச் சட்டை. "நீ போய் முத்திரை குத்திட்டு வா. நான் இந்தப் புளியமரத்தடியிலேயே நிக்கிறேன். என் பேரு பிஷப். யாரை வேணாலும் கேளு."

வரிசை நீளம். காற்றில் செம்மண் எழும்பிப் பல்லில் நறநறத்தது. அவள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பிடித்துக்கொண்டு அடிக்கொருதரம் எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் பச்சை தெரிந்தது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள். தெரிந்தது. அப்புறம் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு பெண். இரண்டையும் புரட்டிவிட்டு, "அம்போகிலே யாரு?" என்றாள்.

"என் வீட்டுக்காரர். நடக்க முடியாது. வெளில வண்டில இருக்காரு."

"ஆளைப் பார்க்காம குத்த முடியாது. உன்னோடத குத்தித் தந்துடறேன். அவர் பாஸ்போர்ட் இங்க இருக்கட்டும். போய்க் கூட்டிட்டு வா."

வெளியே வந்தாள். லாரி போயிருந்தது. புளியமரம் நின்றது. மரத்தடியில் ஒரு ஆடு படுத்திருந்தது.

வேறு மரமோ என்று பார்த்தாள். அந்த வளாகத்தில் வேறு புளியமரம் கிடையாது. கைவண்டிகள் எத்தனையோ ஓடின. எல்லாவற்றிலும் மூட்டை. எல்லாவற்றின் பின்னாலும் பச்சைச் சட்டை. அந்த வருஷம் அந்த நாட்டுப் பந்தாட்டக்காரர்கள் நன்றாக ஆடினார்களாம். ஊரில் பாதிப்பேர் அந்தச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

காசு மாற்றுகிற ஆட்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஓடினாள். "இங்க வண்டில ஒரு ஆள் இருந்தாரே, பார்த்தீங்களா?"

"என்ன ஆளு?"

"என் புருஷன். பேச முடியாதவரு. பச்சைச் சட்டை போட்டவன் வண்டில வச்சிருந்தான்."

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "பையத் தூக்கிட்டுப் போவானுங்க, பாத்திருக்கோம். புருஷனையே தூக்கிட்டுப் போயிட்டானுங்களா!"

"கவலைப்படாத தாயி, இதவிட நல்லதா ஒண்ணு பாத்துத் தர்றோம்!"

அவள் அழவில்லை. பக்கத்தில் தரையில் காய்ந்த பொடிமீன் குவித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அவர்களை அதட்டினாள். "சீ, வாயைக் கழுவுங்கடா." பிறகு துசெகிலேயிடம், "அவன் பேரு சொன்னானா?" என்றாள்.

"பிஷப்னு சொன்னான்."

"பிஷப்பா? அப்ப உசுருக்குப் பயமில்ல. பைக்குத்தான் பயம். ஆபீஸ் வழியா போனா அவனுக்கு நேரம் ஆகும். அதனால சந்து வழியா அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயிருப்பான். அங்க இறக்கிட்டு அடுத்த வண்டிக்கு ஓடியாந்துடுவான். அதோ, அந்தத் தகரக் கடைக்குப் பக்கத்துல போ. ஆனா பார்த்துப் போ. அதுக்குள்ள நல்லவங்க யாரும் சும்மா திரியறதில்ல."

துசெகிலே அந்தச் சந்தின் வாயைப் பார்த்தாள். இரண்டு தகரச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அகலம். உள்ளே சர்க்கரை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரோ குனிந்து ஓடி மறைந்தார்கள்.

அப்போது பேருந்து நடத்துநர் அவளைப் பார்த்துவிட்டார். "நீ இன்னும் இங்கேயா நிக்கிற? வண்டி அந்தப் பக்கம் போயாச்சு. ரொம்ப நேரம் நிக்காது, சொல்லிட்டேன். முத்திரை குத்தியாச்சா?"

"என்னோடது குத்தியாச்சு."

"அப்புறம் என்ன? வா."

இந்த இடத்துக்கு வந்தபோது துசெகிலே கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். கை இரண்டும் செடிமேலேயே இருந்தன. என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"போயிடலாம்னு தோணுச்சு அக்கா."

நான் என் வரிசையில் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நிஜமாத்தான். கையில என் பாஸ்போர்ட் இருக்கு. முத்திரை இருக்கு. பஸ் நிக்குது. எல்லைல தொலைஞ்சுட்டாரு, தேடிப் பார்த்தேன், கிடைக்கலன்னு ஊர்ல சொன்னா யாரு என்னை ஒரு வார்த்தை கேப்பாங்க? நீ கேட்டிருப்பியா? பாவம் துசெகிலேன்னுதான சொல்லியிருப்பீங்க. அந்தாளைக் குளிப்பாட்ட வேணாம். பீ அள்ள வேணாம். இத்தனை வருஷம் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்துக்கலாம். நாலு எட்டு அந்த நடத்துநர் பின்னாடி நடந்துகூடப் போயிட்டேன். அப்பத்தான் என் மேலேயே எனக்குப் பயம் வந்துச்சு. அதுவரைக்கும் அவனுங்களப் பார்த்துத்தான் பயந்துட்டு இருந்தேன்."

நடத்துநர் பின்னால் போனவள் திரும்பிவிட்டாள். தகரக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தாள்.

உள்ளே வெயில் இல்லை. சாக்கடையும் டீசலும் கருவாடும் கலந்த நாற்றம். சந்து பிரிந்து பிரிந்து போனது. எதிரே மூட்டையோடு வருகிறவர்கள் "ஓரம், ஓரம்!" என்று இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அன்றைக்கு அத்தனை பேர் காதுகேட்க அவள் "அம்போகிலே! அம்போகிலே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கத்திய பிறகுதான், கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாதே என்று உறைத்தது. வாயில்லாத ஆளைப் பிணம் என்று நினைத்து எங்காவது தள்ளிவிட்டால்? மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு சாக்கடையில் உருட்டிவிட்டால்?

ஒரு முக்கில் அவளுடைய நீலக் கோட்டுப் பை தெரிந்தது. அதன்மேல் கம்பளித் தொப்பிக்காரன் உட்கார்ந்திருந்தான். கையில் கோழிக்கால்.

"வா அக்கா. உன் பையைப் பத்திரமா வச்சிருக்கேன். எல்லை தாண்டிக் கொண்டாந்தாச்சு. கூலியைக் குடு, எடுத்துட்டுப் போ."

"அவர் எங்க?"

"யாரு?"

"என் வீட்டுக்காரர்!"

"அது என் சரக்கு இல்லையே." அவன் எலும்பைச் சப்பிக்கொண்டே சொன்னான். "பையை நான் தொட்டேன். ஆளை பிஷப் தொட்டான். எல்லாம் எனக்குத்தான்னு அவன் சண்டைக்கு வந்தான். சங்கத்துல ஒரு முறை இருக்குல்ல? யாரு எதைத் தொட்டாங்களோ அது அவங்களோடது. பை எனக்கு, ஆள் அவனுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம்."

"எங்க கொண்டுபோனான்? சொல்லு."

"முதல்ல என் கணக்கைத் தீர்த்துவிடு. அப்புறம் சொல்றேன். சும்மா சொல்றதுக்கு நான் என்ன உன் தம்பியா?"

அவன் எழுந்து நின்றான். சந்தை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் இடுப்பில் முடிந்திருந்த பணமுடிச்சைப் பார்த்தான். சத்தம் போட்டாலும் அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தது. அப்போதுதான் வாயில் அந்த வார்த்தை வந்ததாம்.

"நீயே வச்சுக்க."

"என்னது?"

"பையை. அதுல துணி இருக்கு. அவரோட பட்டறைச் சாமான் இருக்கு, சுத்தியலு, உளி, எல்லாம் நல்ல இரும்பு. ஒரு சட்டி இருக்கு. கோழியத் தின்னுட்ட. எல்லாத்தையும் நீயே வச்சுக்க. எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தாளு எங்கன்னு மட்டும் சொல்லு."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பையை விட்டுக்கொடுக்கிறவர்களை அவன் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. வழியை விட்டு விலகினான். "மாவு மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குப் பின்னாடி" என்றான். "இப்படியே போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. சர்க்கரை கடத்துறவங்களப் பிடிக்க போலீஸ் வந்துச்சு. பிஷப் வண்டியப் போட்டுட்டு ஓடிட்டான்."

"ஆளோடயா?"

"ஆளோடத்தான்."

எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. கிட்டங்கிச் சுவரைச் சுற்றி ஓடினாள். பின்பக்கம் வெட்டவெளி. சோளத் தவிடு மலையாகக் கிடந்தது. கைவண்டி கைப்பிடி தரையில் குத்தி முன்பக்கம் சாய்ந்து கிடந்தது. பலகையில் யாரும் இல்லை. தலையணையும் இல்லை.

அவர் வண்டிக்கு முன்னால் மண்ணில் கிடந்தார். சரிந்து விழுந்திருக்கிறார். சட்டை மேலே ஏறி வயிறு வெயிலில் தெரிந்தது. முகத்தில் ஒரு பக்கம் தவிடு அப்பியிருந்தது. ஈ மொய்த்தது. கால்சட்டை நனைந்திருந்தது. கண் திறந்தே இருந்தது. அந்தக் கண் அசையும்வரை அவள் மூச்சு விடவில்லை.

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவர் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நான்தான்" என்றாள். "துசெகிலே. நான்தான் வந்திருக்கேன்."

கை இறங்கவில்லை. அவள் மெதுவாக அந்தக் கையை விலக்கினாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் எனக்கு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இப்படிச் சொன்னாள்: "நான்தான் காசு குடுத்து அவரைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன்னு நினைச்சிருக்காரு அக்கா. அந்தப் பக்கத்துக்காரி ஏத்தி விட்டா. இந்தப் பக்கத்துக்காரி இறக்கி விட்டுட்டான்னு. அதுதான் அந்தக் கண்ணுல இருந்துச்சு."

"நான் சொல்லல" என்று அவள் மண்ணில் உட்கார்ந்து அவரிடம் சொன்னாள். "சத்தியமா நான் சொல்லல. மரத்தடியில வச்சிருக்கேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான். நான் உங்களத் தேடிட்டுத்தான் வந்தேன்."

சொல்லும்போதே அந்த நாலு எட்டும் அவள் காலில் இருந்தன. அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியாது. தொண்டையில் அந்தச் சத்தம் வந்தது. அழுதார். ஒரு கண்ணில் மட்டும்தான் நீர் வந்தது.

இடுப்புத் துணியின் முனையால் தவிட்டைத் துடைத்தாள். சட்டையை இறக்கிவிட்டாள். தூக்கிப் பார்த்தாள். ஒரு முழம்கூட எழும்பவில்லை. இரண்டாம் தரம் தூக்கியபோது இருவருமாக மண்ணில் விழுந்தார்கள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பிஷப் சுவரோரமாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் ஓடிப்போகல. போலீஸ் பிடிச்சா வண்டியை எடுத்துக்குவாங்க. வண்டி வாடகை வண்டி. அவங்க போனதும் வந்துட்டேன் பாரு."

துசெகிலே பக்கத்தில் கிடந்த ஒரு செங்கல் துண்டைக் கையில் எடுத்தாள். "கிட்ட வராத!"

"அடிக்கிறதுன்னா அடி. அடிச்சுட்டுச் சொல்லு, ஐயாவைத் தனியாத் தூக்கிருவியா?"

அவள் அவனை நம்பவில்லை. ஆனால் அவன் கை இல்லாமல் அவரைத் தூக்க முடியாது. செங்கல்லைப் போடாமல் தலையை மட்டும் அசைத்தாள். அவன் முன்பு தூக்கியதைப் போலவே தூக்கினான். அம்போகிலே நல்ல கையால் அவன் முகத்தைப் பிறாண்டினார். பிஷப் முகத்தைத் திருப்பிக்கொண்டானே தவிர விடவில்லை. "பிறாண்டு ஐயா, பிறாண்டு. எனக்கும் அப்பன் இருக்கான்" என்று முனகிக்கொண்டே பலகையில் உட்காரவைத்தான். கைப்பிடியைத் தொடப் போனான்.

"அதத் தொடாத. நான் தள்ளுறேன்."

"உன்னால முடியாது அக்கா. மணல்."

"நான் தள்ளுறேன்னு சொல்றேன்ல!"

அப்படித்தான் அவர்கள் திரும்பிப் போனார்கள். சந்து வழியாக இல்லை, நடுரோட்டு வழியாக. அவள் கைவண்டியைத் தள்ளினாள். அவள் நிழல் அவர்மேல் விழுகிற மாதிரி பார்த்துத் தள்ளினாள். பிஷப் முன்னால் ஓடி லாரிகளையும் ஆடுகளையும் விலக்கினான். "வழி! வழி! ஆள் வருது, ஆள்!" காசு மாற்றுகிறவர்கள் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மீன்காரி மட்டும் எழுந்து வந்து அவர் தலையில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

அதிகாரி ஜன்னலை விட்டு வெளியே வந்து வண்டியில் இருப்பவரைப் பார்த்தாள். புகைப்படத்தையும் பார்த்தாள். "அம்போகிலே?" என்று கேட்டாள். அவர் தொண்டையில் சத்தம் வந்தது. அவள் உள்ளே போய் முத்திரை குத்தினாள்.

எங்கள் நாட்டுப் பக்கத்து எல்லையூரான டுண்டுமாவுக்கு வந்து, அங்கேயும் முத்திரை குத்தி முடித்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. பிஷப் கூலி கேட்டான். ஆமாம், கேட்டான். துசெகிலே கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று நான் சண்டை பிடித்தேன். "குடுக்கலன்னா அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிப்பானே" என்றாள். தொப்பிக்காரன் கடைசிவரை வரவில்லை. பையும் வரவில்லை. சுத்தியல், உளி எல்லாம் போயிற்று.

எம்பேயா போகிற வண்டி வந்ததும் இந்தப் பக்கத்துச் சுமைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அதே கைகள், அதே கத்தல். "தாயி, பை எங்க? பை எங்க?" அவளிடம் பை எதுவும் இல்லை. அம்போகிலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகும் விடவில்லை. எம்பேயாவில் மாறி ஏறும்போதும் விடவில்லை. மலை ஏறி, மழை பிடித்துக்கொண்டு, வாழைத்தோப்பு தெரியும்வரை விடவில்லை. நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. வீட்டில் அவரைப் படுக்கவைத்த அன்று அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான்தான் ஆமணக்கெண்ணெய் தடவினேன். பாசத்தில் பிடித்தாரா, விட்டுவிடுவாள் என்ற பயத்தில் பிடித்தாரா என்று அப்போது கேட்டேன். "அதெல்லாம் எனக்கெதுக்கு?" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அவர் இன்னும் பேசவில்லை. ஒரு நாள் சரிவின் மேல்கோடியில் கிள்ளிக்கொண்டிருந்தோம். கொழுந்து நன்றாக விட்டிருந்த வாரம். கூடை பாதிகூட நிறையவில்லை. கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு ஓடினோம். துசெகிலே மட்டும் கூடையை இறக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டாள்.

"எங்கடி போற இந்த மழையில? வழுக்கி விழுந்து தொலைக்கப் போற. விட்டதும் போகலாம், இரு."

"இல்லக்கா. மதியத்துக்குள்ள வந்துடுவேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஒரு நாள் கொஞ்சம் தாமதமா போனா என்ன?"

"தினமும் சொல்லிட்டுத்தான் வர்றேன். இந்த இடத்துக்குப் போறேன், இந்த நேரத்துக்கு வந்துடுவேன்னு. பதில் வராது. ஆனா சொல்லாம நான் வாசலத் தாண்டுறதில்ல." பிளாஸ்டிக் தாளின் முனையைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டாள். "நேரம் தாண்டினா வாசலையே பார்த்துட்டு இருப்பாரு."

வழுக்குகிற செம்மண் பாதையில், பக்கத்துச் செடிகளைப் பிடித்துப் பிடித்து, அவள் மழைக்குள் இறங்கிப் போனாள்.